பிசையாதீர்கள், பிசிறுங்கள்: இலையுதிர்காலத்து ஆப்பிள் கிரம்பிள், முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் செப்டம்பர் கடைசியில் தெருவுக்குத் தெரு ஒரு காட்சி கண்ணில் படும். தோட்டத்து ஆப்பிள் மரம் காய்த்துத் தள்ளிய வீட்டுக்காரர் வாசலில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, ‘வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிவைத்திருப்பார். பழங்கள் பெரிதாக, பச்சையாக, கோணல்மாணலாக இருக்கும். இங்கு குடியேறிய முதல் ஆண்டில் அப்படி ஒன்றை எடுத்து ஆசையாகக் கடித்தேன். பல் கூசியது. தின்ன முடியாத காயைத் தானம் என்ற பெயரில் தள்ளிவிடுகிறார்கள் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். அது சமைப்பதற்கென்றே உள்ள பழம், பிராம்லி என்று பெயர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பிராம்லி கையில் இருந்தால் இந்நாட்டு வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது ஆப்பிள் கிரம்பிள்.

கீழே புளிப்பும் இனிப்புமாகக் குழைந்த பழம், மேலே மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமாக முறுகிய உதிரி. அவ்வளவுதான் கிரம்பிள். கேக் போலப் பொங்க வேண்டியதில்லை, அப்பளம் போல இட வேண்டியதில்லை. ஆனாலும் பத்துக்கு ஆறு வீடுகளில் மேல்மாவு களியாகிவிடுகிறது என்பது என் கணிப்பு. விருந்துக்குப் போன இடங்களில் தின்றுபார்த்துச் சொல்கிறேன். காரணம் எப்போதும் ஈரம். பழத்தின் எடையில் ஏறக்குறைய 85 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் மேலே ஏறி மாவை நனைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், மற்றதை ஓவன் கவனித்துக்கொள்ளும். கீழே நான் சொல்லும் படிகளில் பாதி அந்த ஒரு வேலைக்காகத்தான்.

மீதிப் பாதி கைப்பக்குவம். புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்கு அது பாதி வந்துவிட்ட மாதிரி. பிசைவது வேறு, பிசிறுவது வேறு என்று நம் சமையலறைகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்ற அதே சோதனைதான் இங்கும்.

பழத்தின் கதை, சுருக்கமாக

நாட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் என்ற சிற்றூரில் 1809-இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்தது முதல் பிராம்லி மரம். பின்னாளில் அந்த வீட்டை வாங்கியவர் மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர். 1856-இல் ஹென்றி மெரிவெதர் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் ஒட்டுக்கட்டக் கிளை கேட்டபோது, ‘தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பழத்துக்கு என் பெயரை வைக்க வேண்டும்’ என்றாராம் அவர். விதை ஊன்றியவள் ஒருத்தி, பெயர் வாங்கியவர் இன்னொருவர். இன்றைக்கு உலகில் உள்ள பிராம்லி மரங்கள் எல்லாம் அந்த ஒரே மரத்தின் ஒட்டுகளிலிருந்து வந்தவை. ஆப்பிளை விதை போட்டு வளர்த்தால் தாய்மரத்தின் பழமே கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. ஒட்டுத்தான் கட்ட வேண்டும்.

கிரம்பிள் இந்நாட்டு வீடுகளில் வேரூன்றியதற்கு இரண்டாம் உலகப் போரைக் காரணம் காட்டுவார்கள். 1940 ஜனவரி 8 முதல் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. வெண்ணெய் பெரும்பாலான காலம் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ்தான், அதாவது 57 கிராம். மாவுக்குள் பழத்தை அடைத்துச் சுடும் ‘ஆப்பிள் பை’ என்ற பண்டத்துக்கு அடியிலும் மேலிலும் மாவுப் போர்வை வேண்டும், அதற்குக் கொழுப்பு நிறைய வேண்டும். கிரம்பிளுக்கு மேலே தூவினால் போதும், கையில் இருந்த மார்ஜரின், ஓட்ஸ் எதுவும் ஆகும். கீழே நான் கொடுத்திருக்கும் அளவில் மேல்மாவுக்கு மட்டும் 110 கிராம் வெண்ணெய் போகிறது. அன்றைய கணக்கில் அது இருவரின் ஒரு வார ரேஷன். தாராளமாகப் போடும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். ஆனால் அளவைக் குறைத்ததில்லை.

எந்தப் பழம்

பிராம்லியில் மாலிக் அமிலம் அதிகம், சர்க்கரை குறைவு. சூடு பட்டதும் உடைந்து பஞ்சாகக் குழைந்துவிடும். கடித்துத் தின்னும் வகைகளான காக்ஸ், பிரேபர்ன் போன்றவை வெந்தாலும் துண்டாகவே நிற்கும். பிராம்லியை மட்டும் போட்டால் குழந்தைக்கு ஊட்டும் கூழ் போல ஆகிவிடும். காக்ஸை மட்டும் போட்டால் இனிப்பு மேலோங்கி, புளிப்பு இல்லாமல் சப்பென்று இருக்கும். ஏறக்குறைய இரண்டு பங்கு பிராம்லி, ஒரு பங்கு தின்னும் ஆப்பிள் என்பது பல ஆண்டுகளாக நான் மாற்றாத விகிதம். குழைந்தது சாறாக நிற்கும், நடுநடுவே துண்டுகள் பல்லுக்குத் தட்டுப்படும்.

மரத்தடியில் விழுந்து கிடக்கும் பழங்களையும் தாராளமாக எடுக்கலாம். அடிபட்டு நைந்த இடத்தை ஆழமாக வெட்டி எறியுங்கள். சிறு துளை தெரிந்தால் உள்ளே புழு போயிருக்கிறது, அல்லது இன்னும் இருக்கிறது. பிளந்துபார்த்து அந்தப் பகுதியை நீக்கிவிடலாம்.

பிளாக்பெர்ரி கிடைத்தால் ஒரு கை சேருங்கள். இங்கே நடைபாதையோர வேலிப்புதர்களில் அது காசில்லாமல் காய்க்கிறது. பறிப்பதற்கு எழுதப்படாத விதிகள் இரண்டு உண்டு. ஒன்று, இடுப்பு உயரத்துக்கு மேலே இருப்பதை மட்டும் பறிக்க வேண்டும். அதற்குக் கீழே நாய்களின் ராஜ்யம். இன்னொன்று, செப்டம்பர் 29, மிக்கேல் திருநாளுக்குப் பிறகு பறிக்கக் கூடாது. வானத்திலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் முள்புதரில் விழுந்து, ஆத்திரத்தில் பழத்தின் மேல் எச்சில் துப்பினான் என்பது கிராமத்து நம்பிக்கை. அக்டோபர் ஈரத்தில் பழம் நீர்த்துச் சாம்பல் பூஞ்சை பிடிக்கும் என்பதை யாரோ கெட்டிக்காரர் கதையாக்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

தேவையானவை (ஆறு பேருக்கு)

பழத்துக்கு: பிராம்லி 700 கிராம் (பெரியதாக மூன்று), காக்ஸ் அல்லது பிரேபர்ன் இரண்டு (300 கிராம்), பிளாக்பெர்ரி 150 கிராம், சர்க்கரை 70 கிராம், வெண்ணெய் 15 கிராம், பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி.

மேல்மாவுக்கு: மைதா 180 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம், டெமராரா சர்க்கரை 90 கிராம், ஓட்ஸ் 40 கிராம், உப்பு இரண்டு சிட்டிகை, குளிர்ந்த நீர் ஒரு மேசைக்கரண்டி.

பாத்திரம்: 20 சென்டிமீட்டர் சதுரம், 5 அல்லது 6 சென்டிமீட்டர் ஆழம். பீங்கானோ கண்ணாடியோ எதுவானாலும் சரி.

இங்கே மாவு வாங்குகிறவர்கள் பையில் ‘பிளெய்ன்’ என்று இருக்கிறதா என்று இருமுறை பாருங்கள். பக்கத்திலேயே அதே நிறுவனத்தின், அதே மாதிரிப் பையில் ‘செல்ஃப் ரைசிங்’ மாவு இருக்கும். அதில் பேக்கிங் பவுடர் கலந்திருப்பதால் மேல்மாவு உப்பி, கேக்குக்கும் ரொட்டிக்கும் நடுவே ஏதோ ஒன்றாகிவிடும்.

டெமராரா சர்க்கரை பருமணியாக இருப்பதால் முழுதாகக் கரையாமல் பல்லில் நறநறக்கும். அதற்காகவே அதைச் சொல்கிறேன். இந்தப் பெயர் தென் அமெரிக்காவில் கயானாவின் டெமராரா ஆற்றங்கரைக் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழர்களும் உண்டு. மாரியம்மன் வழிபாடு அங்கே இன்னும் இருக்கிறது. சர்க்கரை டப்பாவைத் திறக்கும்போது எனக்கு இது தோன்றாமல் இருப்பதில்லை. கிடைக்காவிட்டால் சாதாரண வெள்ளைச் சர்க்கரையே போதும். வெல்லத்தூளையும் நாட்டுச் சர்க்கரையையும் தவிர்த்துவிடுங்கள், அவை ஈரத்தை இழுக்கும்.

முதல் வேலை: மேல்மாவு

பலர் பழத்திலிருந்து தொடங்குவார்கள். நான் மேல்மாவிலிருந்து தொடங்கச் சொல்வேன். அது குளிரில் சற்று உட்கார வேண்டும். அந்த நேரத்தில் பழத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன், கல்லாக இருக்கும்போதே, சுண்டைக்காய் அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். அகலமான கிண்ணத்தில் மைதாவும் உப்பும் போட்டு, துண்டுகளை அதில் புரட்டி எடுங்கள். இனி விரல்நுனிகளுக்கு மட்டுமே வேலை. பெருவிரலுக்கும் மற்ற விரல்நுனிகளுக்கும் நடுவே வெண்ணெயை மாவோடு சேர்த்துத் தேய்த்து, கிண்ணத்துக்கு மேலே ஒரு சாண் உயர்த்தி உதிர்த்துவிடுங்கள். மறுபடி அள்ளி, மறுபடி உதிர்க்க வேண்டும். உயர்த்தி உதிர்க்கும்போது மாவில் காற்றுப் படும், வெண்ணெய் இளகாது. உள்ளங்கை படவே கூடாது. வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளங்கைச் சூட்டுக்கு அது தாங்காது.

நான் முதன்முறை செய்தபோது சப்பாத்தி மாவுப் பழக்கத்தில் அழுத்திப் பிசைந்துவிட்டேன். வெண்ணெய் உருகி மாவு முழுவதும் ஒரே உருண்டையாகத் திரண்டது. அதையே தட்டி மேலே போட்டுச் சுட்டதில் கிடைத்தது, பழத்துக்கு மேல் ஓர் ஓடு. விருந்தாளி ஒருவர் கரண்டியால் தட்டிப்பார்த்துவிட்டு, ‘சுவாரசியமாக இருக்கிறது’ என்றார். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

நாலைந்து நிமிடத்தில் மாவு ரவை பதத்துக்கு வரும். கிண்ணத்தை இரண்டு குலுக்குக் குலுக்கினால் பெரிய கட்டிகள் மேலே வரும். அவற்றை மட்டும் தேய்த்துவிடுங்கள். பட்டாணி அளவில் சில கட்டிகள் நின்றால் நிற்கட்டும். எல்லாவற்றையும் ஒரே சீராகத் தேய்க்க வேண்டும் என்ற வேகம் வரும்போது கையை எடுத்துவிடுங்கள்.

இப்போது சர்க்கரையையும் ஓட்ஸையும் கலந்து, ஒரு பிடி எடுத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். பிடிபட வேண்டும், விரலால் தொட்டதும் உதிர வேண்டும். அடுத்து, குளிர்ந்த நீரை ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல் ஆங்காங்கே தெளித்து, முள்கரண்டியால் பிசிறுங்கள். மாவு சிறு கூழாங்கற்களாக ஒட்டும். சுட்டதும் மொறுமொறுப்பது அந்தக் கட்டிகள்தான். புட்டுக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்று உண்டு. அரிசி மாவில் குளுட்டன் கிடையாது, எவ்வளவு பிசிறினாலும் இழுவை வராது. மைதாவில் உண்டு, தண்ணீர் பட்டுக் கை பட்டால் ரப்பராகும். அதனால்தான் வெண்ணெயை முதலில் தேய்த்து மாவுக்குக் கவசம் போட்டுவிட்டு, தண்ணீரைக் கடைசியில், அதுவும் தெளிப்பாக மட்டும் சேர்க்கிறோம்.

கிண்ணத்தை அப்படியே உறைபெட்டியில் 15 நிமிடம் வையுங்கள்.

பழத்தைச் சரிக்கட்டுவது

ஓவனை 190 டிகிரி செல்சியஸுக்கு (காற்றாடி உள்ள ஓவனானால் 170, எரிவாயு ஓவனானால் 5-ஆம் எண்) சூடேற்றத் தொடங்குங்கள்.

ஆப்பிள்களைத் தோல் சீவி, நான்காகப் பிளந்து, விதைப்பகுதியை நீக்குங்கள். பிராம்லியை 3 சென்டிமீட்டர் துண்டுகளாக, தின்னும் ஆப்பிளை அதில் பாதியாக நறுக்குங்கள். குழைகிற பழம் பெரிதாகவும் குழையாத பழம் சிறிதாகவும் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வரும். நறுக்கிய துண்டுகள் கறுத்தால் கவலைப்பட வேண்டாம். வெந்தபின் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

அகலமான வாணலியில் வெண்ணெயை உருக்கி, ஆப்பிளும் சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்டு, மூடியிட்டு, மிதமான தீயில் ஐந்து நிமிடம். இடையில் இருமுறை புரட்டினால் போதும். பிராம்லியின் ஓரங்கள் இளகத் தொடங்கும்போது இறக்கிவிடுங்கள். பச்சைப் பழத்தை அப்படியே பாத்திரத்தில் கொட்டிச் சுடும் வழக்கமும் உண்டு, அவசரத்துக்கு ஆகும். ஆனால் பழம் தன் தண்ணீர் அத்தனையையும் ஓவனுக்குள்தான் விடும், அந்த ஆவி நேராக மேல்மாவுக்குப் போகும். மேலும் வெந்து சுருங்கிய பழத்துக்கும் மேல்மாவுக்கும் நடுவே பள்ளம் விழும்.

வாணலியில் சாறு நிறைய நின்றால் பழத்தை மட்டும் அரித்தெடுத்து, சாற்றைத் தனியே கொதிக்கவிட்டு, தேன் பதத்துக்கு வற்றியதும் மறுபடி பழத்தில் சேருங்கள். சுவையில் ஒரு துளிகூட வீணாகாது, தண்ணீர் மட்டும் போய்விடும். பழத்தைப் பாத்திரத்துக்கு மாற்றி, பிளாக்பெர்ரியைப் பச்சையாகவே மேலே தூவி, ஆறவிடுங்கள். இந்த ‘ஆறவிடுங்கள்’ என்பதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். சூடான பழத்தின் மேல் மாவைத் தூவினால், மாவு வேகுமுன்பே வெண்ணெய் உருகிக் கீழே இறங்கிவிடும். கைவைத்தால் வெதுவெதுப்பு என்ற அளவுக்காவது வர வேண்டும்.

ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். லேசாகப் புளிப்பு தூக்கலாக இருக்க வேண்டும், மேல்மாவின் இனிப்பு அதைச் சரிக்கட்டும். பட்டையைத் தாண்டிக் கிராம்பு, சாதிக்காய், ஏலக்காய் என்று அடுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஏலக்காய் பேரிக்காய்க்குப் பொருந்தும். பிராம்லியின் புளிப்போடு அது சண்டை போடும்.

சுடுவது

உறைபெட்டியிலிருந்து மேல்மாவை எடுத்து, பழத்தின் மேல் கையால் அள்ளித் தூவுங்கள். மேடுபள்ளமாகவே இருக்கட்டும், கரண்டியால் தட்டிச் சமப்படுத்தினால் ஆவி வெளியேற வழியில்லாமல் அடிமாவு நனையும். பாத்திரத்தின் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அளவாவது இடம் விடுங்கள். எப்படியும் சாறு வழியும், அடியில் தட்டு ஒன்றை வைத்துவிட்டால் ஓவனைச் சுரண்டும் வேலை மிச்சம்.

35 முதல் 40 நிமிடம். கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். மேலே நல்ல பொன்பழுப்பு ஏற வேண்டும். வெளிர்மஞ்சளில் எடுத்தால் மாவு பச்சையாக நாறும். ஓரங்களில் ஊதாநிறச் சாறு கொப்பளிக்க வேண்டும். அந்தக் கொப்புளங்கள் பாகு கொதிப்பதுபோல மெதுவாக, கனமாக வெடிக்கும்போது பழம் தயார். பழம் தயாராகுமுன் மேற்புறம் கருகத் தொடங்கினால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி, கடைசி ஐந்து நிமிடம் எடுத்துவிடுங்கள்.

வெளியே எடுத்ததும் 15 நிமிடம் தொடாதீர்கள். ஆப்பிளில் இயல்பாகவே பெக்டின் அதிகம். சூடு தணியத் தணியத்தான் சாறு கெட்டிப்படும். உடனே வெட்டினால் ரசம்போல ஓடும், நாக்கும் வேகும்.

கஸ்டர்டு

கிரம்பிளை வெறுமனே தின்னலாம் என்று ஓர் ஆங்கிலேயரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். சூடான கஸ்டர்டு ஊற்ற வேண்டும். முட்டை மஞ்சள்கருவில் காய்ச்சும் கஸ்டர்டு அருமைதான், ஆனால் பெரும்பாலான வீடுகளில் பொடிதான். அந்தப் பொடியை 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃப்ரெட் பேர்டு என்ற மருந்துக்கடைக்காரர் தயாரித்தார். மனைவிக்கு முட்டை ஒவ்வாமை. அவருக்காக முட்டைக்குப் பதில் சோளமாவைக் கொண்டு கெட்டிப்படுத்தினார். தமிழ்நாட்டுக் கல்யாணப் பந்திகளில் பழக்கலவையோடு வரும் மஞ்சள் கஸ்டர்டு அந்த வழியில் வந்ததே.

அரை லிட்டருக்குச் சற்று அதிகமான பாலில் சிறிதளவு எடுத்து, இரண்டு மேசைக்கரண்டிப் பொடியையும் ஒன்றரை மேசைக்கரண்டிச் சர்க்கரையையும் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதிப் பாலைக் கொதிக்கும் நிலைக்குக் காய்ச்சி, கரைசலின் மேல் ஊற்றிக் கலக்கி, மறுபடி அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். கரண்டியின் பின்புறத்தில் படியும்போது இறக்கிவிடலாம்.

இந்தியாவில் செய்வதானால்

பிராம்லி கிடைக்காது. பச்சை நிற கிரானி ஸ்மித் ஆப்பிள் பெரிய கடைகளில் கிடைக்கும்; அது அவ்வளவாகக் குழையாது, புளிப்பு மட்டும் ஒத்துவரும். அதோடு ஆகஸ்டிலிருந்து வரும் இமாசலத்து ஆப்பிளைப் பாதிக்குப் பாதி சேர்த்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு பிழிந்து, சர்க்கரையை 50 கிராமாகக் குறையுங்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளையும் பிளம்ஸ் இதைவிட நன்றாக அமையும் என்பது என் எண்ணம். சென்னை வெயிலில் வெண்ணெய் கையிலேயே உருகும். அதை உறைபெட்டியில் வைத்து, கேரட் துருவுவதுபோல மாவில் துருவிச் சேர்த்துவிடுங்கள், தேய்க்கும் வேலை பாதியாகும்.

கெட்டுப்போனால்

மேலே நன்றாக முறுகி, அடிமாவு மட்டும் களியாக இருந்தால் பழத்தில் தண்ணீர் அதிகம், அல்லது பழம் ஆறவில்லை. மாவு உலர்ந்து மணலாகப் பொலபொலத்தால், அதிகம் தேய்த்துப் பொடியாக்கிவிட்டீர்கள், அல்லது தண்ணீர் தெளிக்கவில்லை. தட்டையாக ஓடிப் பிஸ்கட்போல இறுகினால் வெண்ணெய் இளகியிருந்தது. எதுவானாலும் கஸ்டர்டை ஊற்றிப் பரிமாறுங்கள், பாதிக் குறை மறையும்.

மேல்மாவை இரட்டிப்பாகச் செய்து, பாதியைப் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மாதம் கெடாது. உறைந்தபடியே தூவிச் சுடலாம். மிஞ்சிய கிரம்பிளை மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், அத்தனை பாடுபட்டு விரட்டிய ஈரம் இரண்டே நிமிடத்தில் திரும்பிவந்துவிடும். 160 டிகிரி ஓவனில் 15 நிமிடம் வைத்தால் மறுபடி முறுகும். என் வீட்டில் அதற்குப் பொறுமை இருப்பதில்லை. மறுநாள் காலையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, கெட்டித் தயிர் இரண்டு கரண்டி விட்டு, நின்றபடியே தின்றுவிடுகிறோம்.